கண் வைக்காத கிளி

ஆகஸ்ட் 30

அம்மா தூங்கிவிட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி டிரம் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கேட்டால் சமூக அறிவியல் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் இது ஒரு வசதி. எந்நேரம் விழித்திருந்தாலும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

இன்று அப்பா போனில் பேசினார். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர்கள். அப்பாவின் வண்டி ராய்ப்பூர் பக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே நிலம் சேறாகிவிடும், வண்டி இறங்காது. அதனால் எல்லா வண்டியும் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். என் வகுப்பு வைதேகியின் அப்பா ஆனியிலேயே வந்துவிட்டார். தினமும் சாயங்காலம் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுக்கிறார்.

என் அப்பா மட்டும் இந்த வருடம் வரவில்லை.

"இங்க மழையே இல்ல அம்மிணி. போர் போடப் பாயிண்டு மேல பாயிண்டு வந்துட்டே இருக்குது. ஆயுத பூஜைக்குக் கண்டிப்பா வண்டிய வீட்டுக்குக் கொண்டாந்துருவேன்" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது.

"அது யாருங்கப்பா?"

"மெஸ்ஸுக்காரக்கா கொழந்த. சரி, வெச்சர்றேன்."

மெஸ்ஸுக்கார அக்கா சேலத்துக்காரர். அங்கேயே தங்கி நம் ஊர் வண்டிக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிறார். இதை அப்பாவே முன்பு சொல்லியிருக்கிறார். குழந்தை "ப்பா, ப்பா" என்றுதான் அழுதது. எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் அழும். உதடு இரண்டும் ஒட்டிப் பிரிந்தாலே வந்துவிடுகிற சத்தம் அது.

செப்டம்பர் 3

அம்மா இப்போதெல்லாம் தறிப்பட்டறையிலிருந்து எட்டரை மணிக்குத்தான் வருகிறாள். ஏன் என்று கேட்டால், "சும்மா ஊட்ல உக்காந்து என்ன பண்றது? உன் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கறதா?" என்கிறாள். குழம்பு வைப்பது, பாத்திரம் துலக்குவது, தண்ணீர் வந்தால் பிடித்து வைப்பது எல்லாம் நான்தான். இன்று தொட்டி நிறைவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. குளிக்காமல் பள்ளிக்குப் போனேன்.

அம்மா போனில் அப்பாவிடம் எப்போது வருவீர்கள் என்று கேட்பதே இல்லை. முன்பெல்லாம் கேட்பாள்.

செப்டம்பர் 9

இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதவும் பயமாக இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைதேகி அவள் அப்பாவின் போனை எடுத்து வந்து காட்டினாள். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அவள் சாப்பாட்டுக் கூடைக்கு அடியில் ஒளித்து வந்திருந்தாள். அங்கே இன்னும் இருக்கும் யாரோ ஒருவர் வைத்த ஸ்டேட்டஸ். கொட்டுகிற மழையில் ஒரு டீக்கடை. டீக்கடைக்குப் பின்னால் ஒரு ரிக் வண்டி.

"ஏ மதி, உங்கப்பா வண்டியாட்டவே இருக்குது பாரு புள்ள. பேரு மட்டும் வேற."

எங்கள் வண்டியில் டிரைவர் பக்கக் கதவில் என் பெயர் இருக்கும். நிறைமதி. மஞ்சளில் எழுதி, சிவப்பில் நிழல் கொடுத்து, கீழே ஒரு பச்சைக் கிளி. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பெயின்டர் அர்த்தநாரி மாமா எழுதியது. வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பிள்ளைகள் பெயரைத்தான் எழுதுவார்கள். கிளி எனக்கு மட்டும். நான் அழுது கேட்டு வாங்கியது.

படத்தில் அந்தக் கதவில் "துருவன்" என்று இருந்தது. கிளி இல்லை.

வேறு வண்டிதான் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் முன் கண்ணாடியின் மேல் மூலையில் ஒரு பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இருந்தது. ஒரு சிறகு மட்டும் உள்ள பட்டாம்பூச்சி. ஐந்தாம் வகுப்பில் நான்தான் ஒட்டினேன், ஒட்டும்போது ஒரு சிறகு கிழிந்துவிட்டது.

"ஆமா, வேற வண்டிதான்" என்று வைதேகியிடம் சொன்னேன்.

"அங்க என்னா மழ பாரு!" என்றாள் அவள்.

செப்டம்பர் 10

அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

போன வருடம் எதிர்வீட்டு அக்காவுக்கு, அவர் வீட்டுக்காரருக்கு வடக்கே இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்தது. மூன்றாம் நாள் அந்த அக்கா உயிரோடு இல்லை. அன்று அம்மாதான் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போனாள். திரும்பி வந்து குளித்துவிட்டுப் படுத்தாள். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 11

அம்மா இரண்டு தோசை சாப்பிட்டாள். தூங்குகிறாள். மூச்சு வருகிறது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 19

இன்று காலாண்டுத் தமிழ்த் தேர்வு. கட்டுரைக்கு வந்த தலைப்பு: விடாமுயற்சி.

இதற்கு நான் எப்போதோ தயார். அப்பாவைப் பற்றித்தான் எழுதினேன். அறுநூறு அடி போயும் குழியிலிருந்து வெறும் கல்தூசி பறக்கும். எங்கள் ஊரில் அதைப் புகை என்போம். நிலத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்பா அவர் தோளைத் தட்டி, "இன்னொரு ராடு போட்டுப் பாக்கலாமுங்க" என்பார். குழிக்குள் அடுத்த இரும்பு ராடு இறங்கியதும் தூசி ஈரமாகும், பிறகு சேறாகும், பிறகு தென்னை மர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். என் அப்பா எதையும் பாதியில் விடமாட்டார் என்று முடித்தேன்.

வேறு யாரையாவது பற்றி எழுதியிருக்கலாம். வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.  கையெழுத்து நன்றாகவே இருந்தது.

செப்டம்பர் 28

காலாண்டு விடுமுறை. அம்மா பட்டறைக்குப் போன பிறகு குணா மாமாவுக்குப் போன் செய்தேன். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவின் வண்டியில்தான் ராடு மாட்டும் வேலை. சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்க்க மலையடிவாரத்துக்குக் கூட்டிப் போனவர்.

"மாமா, துருவன் யாரு?"

அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. மாமா நடந்து தள்ளிப்போனார் போலிருக்கிறது. இரைச்சல் குறைந்தது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

"படிக்கற புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்? இத பாரு மதி, அக்காகிட்ட மூச்சு உட்றாத. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அம்மா உங்களுக்குக் கூடப்பொறந்த அக்கா இல்லீங்களா மாமா?"

"மாமனும் சோறு திங்கோணுமல்ல கண்ணு" என்றார். பிறகு போன் கட்டாகிவிட்டது.

மாமாவுக்குத் தெரியும். அவர் கண்ணெதிரேதான் என் பெயர் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். அவர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாலும் நின்றிருப்பார்.

அம்மா வந்ததும், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். வயிற்று வலி என்றேன். சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். வலி இல்லாத வயிற்றுக்கு அது பயங்கரக் காரம்.

அக்டோபர் 8

தமிழம்மா என் கட்டுரையை வகுப்பில் சத்தமாக வாசித்தார். வாசித்துவிட்டு, "இதுதாம்மா அனுபவத்துல இருந்து எழுதறது. வீட்லயே இப்படி ஒரு உதாரணம் கிடைக்கறது எத்தனை பேருக்கு வாய்க்கும்?" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

வைதேகி மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. ஒருவேளை அந்தப் போனை அவள் தெரிந்துதான் கொண்டுவந்தாளோ?

அக்டோபர் 9

அப்பா வந்துவிட்டார்.

விடியற்காலையில் தெருமுனையில் ஹாரன் கேட்டது. மூன்று குட்டி ஹாரன், ஒரு நீள ஹாரன். எனக்காக மட்டும் அடிப்பது. கால் தானாக ஓடியது. அதற்கு ஒன்றும் தெரியாது அல்லவா?

கதவில் என் பெயர் இருந்தது. மஞ்சள், சிவப்பு நிழல், பச்சைக் கிளி எல்லாம் இருந்தன. ஒரு நிமிடம் எனக்குத் தலை சுற்றியது. எல்லாம் நானே கற்பனை செய்துகொண்டேனோ என்று அவ்வளவு சந்தோஷம்.

அப்பா இறங்கி என்னைக் கட்டிக்கொண்டார். "என்ன அம்மிணி, எங்கப்பன் ஒசரத்துக்கு வளந்துட்ட!" அவர் தோளுக்கு மேலே கதவைப் பார்த்தேன். கிளிக்குக் கண் இல்லை. வெறும் பச்சைத் தலை.

பெயின்ட் வாசனை அடித்தது.

குணா மாமா என்னைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு நேராகக் கொல்லைப்பக்கம் போனார்.

அக்டோபர் 10

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அர்த்தநாரி மாமா வந்து வண்டிக்குக் கோடு, பட்டை எல்லாம் புதிதாக அடித்துக் கொடுப்பது வழக்கம். இன்றும் வந்தார். பீடியை வாயில் வைத்தபடி வண்டியைச் சுற்றி வந்தவர், டிரைவர் கதவருகே நின்றுவிட்டார்.

"மாப்ள, இது என்ற கை இல்லையே!"

"வழியில ஒரசிருச்சுங்க மாமா. சேலம் பைபாஸ்ல ஒருத்தன்கிட்டக் குடுத்து எழுதுனேன்" என்றார் அப்பா.

"நல்லா எழுதுனான் போ. கிளிக்குக் கண்ணு வெக்க மறந்துட்டான். பழசச் சொரண்டாம மேலயே அடிச்சுட்டான் பாரு. அடியில இருக்கற எழுத்து அப்படியே பொடச்சுட்டு நிக்குது." அவர் கட்டைவிரலை வைத்துத் தடவினார். விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. "இன்னும் காயவே இல்ல. இரு, தின்னர் போட்டுத் தொடச்சுட்டுப் புதுசாவே எழுதிடறேன்."

அவர் பையைத் திறந்தார். அப்பாவின் முகம் வெளுத்தது.  துடைத்தால் அடியில் இருப்பது வந்துவிடும். அம்மா பூசணிக்காய்த் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய் அவள் கண்ணைப் பொத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"அண்ணா" என்றாள் அம்மா. "கதவு இருக்கட்டும். நீங்க பட்டைய மட்டும் அடிங்க."

"இல்ல அம்மிணி, புள்ள பேரு..."

"இருக்கட்டுமுங்கண்ணா. நல்ல நாள் அதுவுமா எதுக்கு அதப் போய்த் தோண்டிட்டு?"

சொல்லிவிட்டு உள்ளே போனாள். தட்டு ஆடவில்லை. குரலும் ஆடவில்லை. அப்பா மூச்சு விட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னும் எழுத வேண்டும். சாயங்காலம் கொல்லையில் அம்மா புளி போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?"

அம்மா எதை என்று கேட்கவில்லை. விளக்கைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தாள்.

"அந்தப் பையனுக்குக் காது குத்துனப்பவே. குணா வந்து அழுதான். உன்கிட்ட மூச்சு உடக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"எப்ப?"

"நீ எட்டாவது."

"என்கிட்ட எதுக்குச் சொல்லல?"

"பத்தாவது முடியட்டும்னு இருந்தேன்."

"முடிஞ்சா பன்னெண்டாவது முடியட்டும்ப."

"ஆமா" என்றாள். சிரிப்பு வேறு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஒரு மாசமா நான் தினமும் நீ மூச்சு விடறயான்னு பாத்துட்டு இருக்கேன். எதிர்வீட்டு அக்காவாட்ட நீயும்..." 

அம்மாவின் கை நின்றது. புளி வழிகிற கையாலேயே என் முகத்தைப் பிடித்தாள்.

"அட கூறுகெட்டவளே! நான் எதுக்கடி சாகோணும்? தப்புப் பண்ணது அந்தாளு, டிக்கெட் வாங்கறது நானா? எட்டரை மணி வரைக்கும் அங்க என்ன பண்றேன்னு நெனச்ச? ரெண்டு தறி குத்தகைக்கு எடுத்து ஓட்டறேன். நாளைக்கே அந்தாளு வராமப் போனாலும் நம்ம அடுப்பு எரியும்."

"அதையும் என்கிட்டச் சொல்லல."

"சொல்லல" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுபடி விளக்கை எடுத்துக்கொண்டாள்.

அவள் அழுதிருந்தால் மன்னித்திருப்பேன். நான் அம்மாவுக்குத் தெரியாமல் காத்தேன். அம்மா எனக்குத் தெரியாமல் காத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றியது என்னவோ அப்பாவைத்தான்.

முகத்தில் புளி காய்ந்து இழுக்கிறது. கழுவவில்லை.

அக்டோபர் 11

பூஜை. அப்பா சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "உன்ற பேருக்குப் பொட்டு வெய்யி அம்மிணி" என்றார். வருடா வருடம் நான்தான் வைப்பேன். வைத்தேன். விரலுக்கு அடியில் இன்னொரு பெயர் மேடாகத் தட்டுப்பட்டது. என் பெயரைவிடச் சின்னது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தேன்.

பொரியும் சுண்டலும் இருந்தன. நான் சாப்பிட்டேன். நிறையவே சாப்பிட்டேன்.

அக்டோபர் 12

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தெருவே நின்றது. வைதேகியும் அவள் அப்பாவும் நின்றார்கள். அர்த்தநாரி மாமா முந்தாநாள் விட்டுப்போன தின்னர் பாட்டில் வாசல் மூலையில் இருந்தது. நேற்றே அதைப் பார்த்து வைத்திருந்தேன்.

என் பழைய யூனிஃபார்ம் தாவணியில் தின்னரை ஊற்றினேன். வண்டிப் படியில் ஏறி நின்று என் பெயரின் முதல் எழுத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.

"ஏய், என்ன பண்ற?" அப்பா ஓடி வந்தார்.

"என்ற பேருங்கப்பா. நான் எடுத்துக்கறேன்."

"எறங்கு மதி. ஊரே பாக்குது."

"ஊருக்குத் தெரியாததா? எனக்கு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு."

அவர் என் கையைப் பிடித்தார். வலிக்கவில்லை, ஆனால் பிடித்தார். பிறந்ததிலிருந்து அவரிடம் நான் பயந்ததில்லை. இன்று பயந்தேன்.  ஆனாலும் கை துடைத்துக்கொண்டேதான் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்து முழங்கை வரை வழிந்தது. தாவணி ஊறிப்போய் வெறுமே வழுக்க ஆரம்பித்தது. பெயின்டை எடுக்காமல் பரப்பியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பழைய பனியன் துணி, காய்ந்தது, நன்றாக மடித்தது.

"அது நைசு துணி, எடுக்காது. இந்தா, இதுல அழுத்தித் தொட" என்றாள் அம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து, "புள்ள கைய உடுங்க" என்றாள்.

அப்பா விட்டுவிட்டார். குணா மாமா எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துடைத்து முடித்தபோது அடியிலிருந்து "துருவன்" வந்திருந்தது. பழைய பெயின்ட் என்பதால் அழியவில்லை.  வைதேகியின் அப்பாகூடப் பேசவில்லை.

கிளியைத் துடைக்கவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவனுக்கும் கிளி பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் பிடிக்கும். கண்ணை அவன் அப்பா வைத்துக் கொடுக்கட்டும்.

அப்பா அந்தக் கதவைத் திறந்துதான் ஏறினார். வேறு வழி இல்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருமுனையில் ஹாரன் அடிக்கவில்லை.

அக்டோபர் 15

நகத்தில் மஞ்சள் போகவில்லை. கணக்கு மிஸ் என்னவென்று கேட்டார். பெயின்ட் என்றேன்.

இடைவேளையில் வைதேகி, "நான் போனைத் தெரிஞ்சேதான் கொண்டாந்தேன். வாயால சொல்லப் பயமா இருந்துச்சு புள்ள" என்றாள்.  அவள் நீட்டிய கொய்யாவில் பாதியை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மாவின் பட்டறைக்குப் போனேன். காது அடைக்கிற சத்தம். இரண்டு தறிக்கும் நடுவில் அம்மா நடந்துகொண்டே இருக்கிறாள். உட்காருவதே இல்லை. நீளவாக்கில் ஓடும் பாவில் ஒரு நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிறாள், அறுந்த நுனியைத் தேடிப் பிடிக்கிறாள், முடிச்சுப் போடுகிறாள், மறுபடி ஓட்டுகிறாள். நிறுத்தாமல் விட்டால் கீழே துணி முழுக்கக் கோடு விழுமாம். "பாத்தும் பாக்காத மாதிரி ஓட்டிட்டா அப்புறம் அறுத்துத்தான் எறியோணும்" என்று என் காதில் கத்தினாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு முடிச்சு வரவில்லை. மூன்று தடவை அவிழ்ந்தது. நாளைக்கும் போவேன்.

அம்மாவோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

அக்டோபர் 20

சமையலறைக்கு வெளியே வந்து, கூடத்து விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தூங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். நடந்ததை என்றேன். "எழுது" என்றாள்.

ஒன்பது மணிக்கு அப்பா போன் செய்தார். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாவது தடவை எடுத்தேன்.

"அம்மிணி... சாப்டயா?"

"சாப்டேனுங்கப்பா."

 பின்னால் தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது.

"அங்க மழைங்களாப்பா?"

 "ஆமா அம்மிணி" என்றார். "நல்ல மழ."

அந்தக் குழந்தை எதற்கோ சிரித்தது. அப்பா போனை வைக்கவில்லை. நானும் கொஞ்ச நேரம் அந்த மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு, "சரி, நான் வெக்கறேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, நானே வைத்தேன்.